எங்க வீட்டுல மட்டும் நின்ன போர்

போன மழைக்காலத்துல ஒரு நாள் காலையில போர் நின்னுபோச்சு. எங்க வீட்டுல மட்டும்தான். வெளியில அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்துச்சு.

எந்தப் போர்னு கேக்காதீங்க. இப்பல்லாம் ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு ஆரம்பிச்சுடறாங்க, எனக்கே குழம்பிப்போகுது. கப்பல் போற கடல் பக்கமா ரெண்டு நாட்டுக்காரங்க மாத்தி மாத்திக் குண்டு போட்டுக்கிட்டிருந்தாங்களே, அதைச் சொல்றேன். அதை நிறுத்தினது எங்க வீட்டுக்காரர். பெரிய அதிகாரி எல்லாம் இல்ல, பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பர் வாசிக்கிற சாக்குல நிறுத்திட்டார்.

முதல்லேர்ந்து சொல்றேன். நான் தையல்காரி. முன்ரூம் ஜன்னலை ஒட்டி என் மெஷின் இருக்கு. பேன்ட் நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது, இறுகிப்போன சட்டையைப் பிரிச்சு விடறது, இந்த மாதிரி வேலைதான் அதிகம். ஊர்ல எல்லாரும் பெருத்துக்கிட்டே போறதால எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல. காலையில நான் மெஷின்ல உக்காந்தா, அவர் எதிர்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு பேப்பரை விரிப்பார். நான் தைப்பேன், அவர் சத்தமா வாசிப்பார். கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து இதுதான் வழக்கம். நடுவுல அரசாங்கத்தைத் திட்டறது என் வேலை. "இரும்மா, இன்னும் முழுசா வாசிக்கவே இல்ல, அதுக்குள்ள குதிக்கிறே"ன்னு என்னை அடக்கறது அவர் வேலை. வாசிச்சு முடிச்சதும் பேப்பர் என் கைக்கு வந்துடும். அது மேல அளவு வரைஞ்சு வெட்டிடுவேன். எத்தனையோ மந்திரிங்க என் கத்தரிக்கோலுக்குக் கழுத்தைக் கொடுத்திருக்காங்க.

எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. எனக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கு, அவருக்கு வாய் சும்மா இருக்கு, அவ்வளவுதான். டிவியில செய்தி போட்டா நாலு பேர் உக்காந்து ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்காம கத்தறாங்க. அதுக்கு எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரே போதும். போன்ல வர்றதுல எது நெசம் எது புளுகுன்னு தெரியல. பேப்பர்ல வந்தது எங்க வீட்டுக்காரர் வாயால வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை. சிரிக்காதீங்க.

வயசாகறதைப் பத்தி ஆளாளுக்கு என்னென்னமோ சொல்றாங்க. என்னைக் கேட்டா, கையிலேர்ந்து ஒரு குண்டூசி நழுவித் தரையில விழுந்ததும், குனிஞ்சு எடுக்கறதா, அப்படியே விட்டுடறதான்னு ஒரு யோசனை வருது பாருங்க, அதுதான் வயசு. முன்னாடி அந்த யோசனையே கிடையாது. விழுந்தா எடுத்தோம். எனக்கு அப்படி வந்துச்சு, சரி, போகட்டும்னு விட்டுட்டேன். அவருக்கு வயசாகிற விதம்தான் எனக்குப் பிடிக்கல.

முதல்ல, ஊசியில நூல் கோத்துக் கொடுக்கறதை நிறுத்தினார். பஸ் ஓட்டின கண்ணுன்னு அவருக்கு ஒரு பெருமை உண்டு. நான் நூலை எச்சில் பண்ணிக்கிட்டு ஊசியோட மல்லுக்கட்டினா, வெடுக்குனு பிடுங்கி ஒரே தடவையில கோத்துக் கொடுப்பார். ஒரு நாள் நீட்டினேன். "நீயே கோத்துக்கோயேன், எனக்கு என்ன வேற வேலை இல்லையா"ன்னு எழுந்து போயிட்டார். என்ன வேலை? ஒரு வேலையும் இல்ல. பால்கனியில போய் நின்னார்.

அப்புறம், பேசறப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிறது. நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா போதும், அலமாரிப் பக்கமா திரும்பிடுவார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். "அலமாரிக்கா தாலி கட்டினீங்க?"ன்னு கேட்டிருக்கேன். சிரிச்சுட்டு அலமாரியைப் பார்த்தபடியே இருப்பார். எல்லாத்தையும் விட, என் முறைப்பு பலிக்காமப் போச்சு. என் முறைப்பு சாதாரணம் இல்ல. பஸ்ல எத்தனையோ ரவுடிங்களை இறக்கி விட்ட மனுஷன், நான் ஒரு தடவை முறைச்சா எடுத்த ரெண்டாவது டீயை அப்படியே கீழ வச்சுடுவார். சக்கரை இருக்கு அவருக்கு. இப்ப முறைக்கிறேன், எனக்கு எதிர்லயே ஜோரா குடிக்கிறார். ரிட்டயர் ஆன திமிர்னு நினைச்சேன். இத்தனை வருஷம் கழிச்சுப் பயம் விட்டுப்போச்சேன்னு உள்ளுக்குள்ள அழுதேன்னே சொல்லலாம்.

ஆனா ஒண்ணு, அதே சமயத்துல நாட்டு நிலைமை சீராக ஆரம்பிச்சுது. சும்மா சொல்லக் கூடாது, காலையில அவர் வாசிக்கக் கேட்டா மனசு குளிர்ந்துபோகும். காய்கறி விலை இறங்குது. லஞ்சம் வாங்கின ஒரு மந்திரி தானாவே முன்வந்து ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போறார். ஆஸ்பத்திரியில இனிமே வயசானவங்களை நிக்க வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. எனக்குத் திட்டறதுக்கே ஆள் கிடைக்கல. "என்னங்க, உலகம் திருந்திடுச்சா?"ன்னு கேட்டேன். "காலம் மாறுதும்மா"ன்னார்.

அறுபது தாண்டினவங்க பஸ்ல டிக்கெட் எடுக்க வேண்டாம்னு ஒரு நாள் வாசிச்சார். டிரைவர் இல்லையா, பஸ் செய்தி வாசிக்கிறப்போ அவர் குரலே தனி. நான் மறுநாள் கடைத்தெருவுக்கு நூல் வாங்கப் போனேன். பஸ்ல ஏறி உக்காந்து, கண்டக்டர் வந்ததும் மகாராணி மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டேன். "அம்மா, டிக்கெட்." "நேத்து பேப்பர் பார்க்கலையா தம்பி?" அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். நானும் விடல. "எங்க வீட்டுக்காரர் இந்த பஸ்ஸை நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்டினவர்"னேன். பஸ்ஸே சிரிச்சுது. கடைசியில பின்சீட்டுல இருந்த ஒரு பொண்ணு எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துச்சு. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்னு வீட்டுல வந்து இவர்கிட்ட குதிச்சேன். "அது அடுத்த வருஷத்துலேர்ந்து, நான் சொல்றதுக்குள்ள நீதான் மெஷினை ஓட்ட ஆரம்பிச்சுட்டே"ன்னார், அலமாரியைப் பார்த்துக்கிட்டே. அதையும் நம்பினேன்.

இப்ப போருக்கு வர்றேன். எங்களுக்கு மேல் மாடியில ஒரு டீச்சர் இருக்காங்க. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. தனியா இருக்காங்க. ஒரே பையன், கப்பல்ல இன்ஜினீயர். அந்தப் பாழாப்போன கடல்ல இருக்கிற துறைமுகத்துல அவன் கப்பல் மாட்டிக்கிச்சு, வெளியில வர முடியல. "செய்தி பார்க்காதேம்மா, பார்த்தா தூக்கம் போயிடும், நானே போன் பண்றேன்"னு அவன் சொல்லியிருக்கான். அவங்களும் டிவியை ஒரு துணி போட்டு மூடிட்டாங்க. பையன் போன் பண்ற நாள் வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. படியில என்னைப் பார்த்தா மட்டும், "பேப்பர்ல ஏதாவது நல்லதா போட்டிருக்கா?"ன்னு மெதுவா கேப்பாங்க.

அன்னைக்குக் காலையில மழை. அவர் பேப்பரை விரிச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "போர் நின்னுடுச்சு"ன்னார்.

மெஷினை நிறுத்திட்டேன். "என்னது?"

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. நேத்துலேர்ந்து குண்டுச் சத்தம் இல்லையாம்."

"கப்பலெல்லாம்?"

"கப்பலெல்லாம் கிளம்பலாம்னு சொல்லியாச்சு."

எனக்குத் தலைகால் புரியல. அளவு டேப் கழுத்துல தொங்க, முட்டிவலியை எல்லாம் மறந்து மாடிக்கு ஓடினேன். "எங்கே போறே, இரு"ன்னு பின்னாடியே அவர் குரல் வந்துச்சு. நான் நிக்கல. டீச்சர் கதவைத் திறந்ததும், "நின்னுடுச்சு டீச்சர், பையன் வந்துடுவான்"னேன். அவங்க அப்படியே வாசல்ல உக்காந்துட்டாங்க. சத்தம் போட்டுப் பேசாத மனுஷி, என் இடுப்பைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதாங்க. நானும் அழுதேன். கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சு, போர்வையைப் போர்த்திட்டு வந்தேன்.

சாயங்காலம் அவங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. முகத்துல ஈயாடல. பையன் போன் பண்ணியிருக்கான். எப்பப்பா கிளம்பறேன்னு இவங்க சந்தோஷமா கேட்டிருக்காங்க. "யாரும்மா சொன்னது? பக்கத்துல நின்ன கப்பல் மேல இன்னைக்கு மத்தியானம்தான் குண்டு விழுந்துச்சு"ன்னு அவன் சொல்லியிருக்கான். சொல்லக் கூடாதுன்னு இருந்தவன், வாய் தவறிச் சொல்லிட்டான்.

"அந்தப் பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

இருந்துச்சு. அன்னைக்கு வெட்டற வேலை எதுவும் இல்ல. விரிச்சேன். முதல் பக்கத்துலேயே கொட்டை எழுத்துல, தாக்குதல் தீவிரம்னு. புகை மண்டின படம். போர் நின்னதா எந்த மூலையிலயும் இல்ல. டீச்சர் என்னைத் திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். "உங்களை நம்பித்தானே தூங்கினேன்"னு மட்டும் சொல்லிட்டு மேல போயிட்டாங்க.

அவர் பால்கனியில நின்னுக்கிட்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கேக்கல. என் கோபத்தைத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

மறுநாள் காலையில பேப்பர் வந்ததும் நானே எடுத்தேன். நடுவுல ஒரு தாள் முழுக்க மெத்தை விளம்பரம். ஒரு பொம்பளை படுத்துக்கிட்டுச் சிரிக்கிறா, அவ்வளவுதான் அதுல. அந்தத் தாளை மட்டும் மடிச்சு அவர் கையில கொடுத்துட்டு மெஷின்ல உக்காந்தேன். "வாசிங்க."

கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டார். "பார்லிமென்ட்டுல நேத்து முக்கியமான சட்டம் ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சார்.

"என்ன சட்டம்?"

"முதியோர் நலச் சட்டம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் சேர்ந்து..."

"எல்லாரும் சேர்ந்து மெத்தையில படுத்துட்டாங்களா?"

நான் எழுந்து போய் அந்தத் தாளைப் பிடுங்கினேன். கண்ணு மண்ணு தெரியாத கோபம் எனக்கு. மேல ஒருத்தி துடிச்சுக்கிட்டிருக்கா, நீங்க என் காதுல பூ சுத்திக்கிட்டு இருக்கீங்களா, வயசுக்குத் தக்க புத்தி வேண்டாமான்னு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினப்போதான் சொன்னார்.

"எழுத்து தெரியல."

"என்ன தெரியல?"

"ரொம்ப நாளா தெரியல. இடது கண்ணு முதல்ல போச்சு. வலதை வச்சு தலைப்பு மட்டும் பார்த்து, மிச்சத்தை நானே சேர்த்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

கோபம் எங்கே போச்சுன்னே தெரியல. கையில அந்த மெத்தைத் தாளோட நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்தேன். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"ன்னு கேட்டேன்.

"சொன்னா நீ என்கூட சண்டை போட மாட்டே. ஐயோ பாவம்னு விட்டுடுவே. எங்க அண்ணனுக்குப் பார்வை போனப்புறம் வீட்டுல யாரும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. எல்லாத்துக்கும் சரி சரின்னாங்க. கடைசி வரைக்கும் அந்த மனுஷனுக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைக்கல."

"சரி, பொய்தான் சொன்னீங்க. எதுக்கு எல்லாம் நல்ல செய்தியா சொன்னீங்க?"

"பொய்தான்னு ஆயிடுச்சு. அதுல எதுக்கும்மா கெட்ட செய்தி?"

எழுந்து, போட்டுக்கச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, நல்ல பொறுமை. கட்டம் போட்ட அட்டை ஒண்ணை நீட்டி, ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டுப் பார்க்கச் சொன்னா. கோடெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டா. "ஓரத்துல நேரா இருக்கு. நடுவுல நெளியுது. அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருக்கு"ன்னார். அப்புறம் மருந்து ஊத்தி, கண்ணுக்குள்ள படம் எடுத்துப் பார்த்தா. இடது கண்ணுல உள்ளே தழும்பு விழுந்துடுச்சு, அதுக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. வலதுல ரத்தக்குழாய் இப்பத்தான் கசிய ஆரம்பிச்சிருக்கு. கண்ணுக்குள்ளேயே ஊசி போடணும், மாசா மாசம். இந்த வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம். தள்ளிப் போட்டா அதுவும் இடது மாதிரி ஆயிடும்.

எனக்குப் புரியல. "படியெல்லாம் சரியா இறங்கறாரே டாக்டர்? ரோடு தாண்டறாரே?"

"ஓரப் பார்வை நல்லா இருக்கும்மா. நேராப் பார்க்கிறதுதான் தெரியாது. எழுத்து தெரியாது, ஆளுங்க முகம் தெரியாது. அதனாலதான் இவங்க எல்லாம் பக்கவாட்டுல திரும்பிக்குவாங்க. வேற எங்கேயோ பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனா உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த அலமாரி! நான் என்னென்ன பேசியிருக்கேன். என்னைப் பார்க்கத்தான் மனுஷன் மூஞ்சியைத் திருப்பினாரா? அப்பவும் என் வாய் சும்மா இருக்கல. "அப்ப இத்தனை மாசமா நான் முறைச்சதெல்லாம்?"ன்னு டாக்டர் எதிர்லயே கேட்டுட்டேன். "நீ முறைச்சியா?"ன்னார் இவர். டாக்டர் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. நான் சிரிக்கல.

வெளியில வந்ததும், "ஊசி எல்லாம் வேண்டாம்"னுட்டார்.

பயம்தான். பாரம் ஏத்தின லாரி குறுக்கே வந்தப்பவும் ஸ்டியரிங்கை விடாத ஆளு, கண்ணுக்குள்ள ஊசின்னதும் ஆட்டோவைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். ஆனா பயம்னு சொல்ல மாட்டார். "மிச்சம் இருக்கிறதையும் குத்திக் கெடுத்துட்டா? இப்ப இருக்கிறதை வச்சு ஓட்டிக்கலாம். எனக்கு என்ன, இனிமே பரீட்சையா எழுதப் போறேன்?" இப்படியே பேசினார். ரெண்டு நாள் கத்திப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்து பார்த்தேன். மகள் வெளியூர்லேர்ந்து வீடியோ கால்ல வந்து, "அப்பா, ப்ளீஸ்பா"ன்னா. "சரிம்மா, சரிம்மா"ன்னு என் கையில போனைக் கொடுத்துட்டார். வாரம் கரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு நாள் காலையில எழுந்ததும் அவர் மூஞ்சியைத்தான் பார்ப்பேன், இன்னைக்கு அந்தக் கண்ணுல எவ்வளவு போச்சோன்னு.

இதுக்கு நடுவுல டீச்சர்கிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னேன். அவங்க அடுப்புல டீக்குத் தண்ணி வச்சாங்க. அப்புறம், "கோபம் இன்னும் போகல. போயிடும். முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போங்க, நாளைக் கடத்தாதீங்க"ன்னாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க. குடிச்சுட்டு வந்தேன்.

டாக்டர் சொன்ன வாரத்துல கடைசி நாளைக்கு முதல் நாள் மத்தியானம். நான் ஒருத்தருடைய கோட்டைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். அவர் எதிர்ல சும்மா உக்காந்திருந்தார். பேப்பர் இல்லாம என்ன பண்றதுன்னு தெரியாம கையைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தார். "போகலாமா நாளைக்கு?"ன்னேன். "அதான் வேண்டாம்னு சொல்லிட்டேன்ல. என் கண்ணு, எனக்குப் போதும்"னார்.

அவ்வளவுதான். கோட்டைத் தூக்கிப் போட்டேன்.

"உங்க கண்ணு உங்களுக்குப் போதும். எனக்கு?"

"உனக்கு என்ன? நீதான் நல்லா பார்க்கிறியே."

"நான் பார்க்கிறது இருக்கட்டும். என்னை யாரு பார்க்கிறது?"

அவருக்குப் புரியல. எனக்கே அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது, இதுதான் என் நெஞ்சை அடைச்சுக்கிட்டிருந்துச்சுன்னு. ஆரம்பிச்சுட்டேன், நிறுத்த முடியல. கடையில எனக்குப் பின்னாடி வந்தவனுக்கு முதல்ல கொடுக்கிறான், நான் நிக்கிறதே அவன் கண்ணுல படறதில்ல. துணி கொடுக்க வர்றவங்க துணியைப் பார்க்கிறாங்க, கண்ணாடியைப் பார்க்கிறாங்க. ஆளைக் கண்டா தானா திறக்கிற கதவு வச்சிருக்கானே அந்தப் பெரிய கடை, போன தடவை அதுகூட எனக்குத் திறக்கல, கையை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கிட்டு நின்னேன். நம்ம பொண்ணு வீடியோவுல பேசறா, மூலையில தெரியற அவ முகத்தைத்தான் பார்த்துக்கிட்டுப் பேசறா, அவளைக் குத்தம் சொல்லல, எல்லாரும் அப்படித்தான். இந்த வயசுல என் மூஞ்சியைப் பார்க்கிறதுக்குன்னு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள் இருந்தார். நான் முறைச்சா பயப்படறதுக்கு, அழுதா கண்டுபிடிக்கிறதுக்கு, வேற யாரு இருக்கா? அந்தக் கண்ணையும் ஊசிக்குப் பயந்து விட்டுட்டா, அப்புறம் நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. என்னைப் பார்க்காம விட்டுடாதீங்க"ன்னு சொல்லி, அந்த யாரோ ஒருத்தர் கோட்டாலேயே மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்.

அவர் அலமாரிப் பக்கமா முகத்தைத் திருப்பினார். இந்தத் தடவை எனக்குத் தெரியும், என்னைத்தான் பார்க்கிறார்னு.

"பயமாத்தான் இருக்கு. நாளைக்கு உள்ளே வந்து கையைப் பிடிச்சுக்கோ"ன்னார்.

பிடிச்சுக்கிட்டேன். உள்ளே விட மாட்டோம்னு நர்ஸ் சொன்னா. நான் அவளை ஒரு முறை முறைச்சேன், அங்கேயாவது அது பலிச்சுது. பச்சைத் துணிக்கு வெளியில நீட்டிக்கிட்டிருந்த அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோகிற சமாச்சாரம். "இவ்வளவுதானா?"ன்னு கேட்டார், ஒரு வாரமா வீட்டையே ரெண்டாக்கின பெரிய மனுஷன்.

அடுத்த மாசம் ஒண்ணு, அதுக்கடுத்த மாசம் ஒண்ணு. டீச்சர் பையன் கப்பலை விட்டு இறங்கி, தரை வழியா ஊர் வந்து சேர்ந்தான். போர் நிக்கலை. காலையில பேப்பரை நான்தான் வாசிக்கிறேன், அப்புறம்தான் மெஷின். உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன், கேட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து திட்டறோம். வேலை பின்தங்கிப்போகுது. துணி கொடுத்தவங்க கத்தறாங்க. கத்தட்டும்.

மூணாவது ஊசி போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். ஜன்னல்ல நல்ல வெயில். நான் பாபின்ல நூல் சுத்திக்கிட்டிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கிட்டுக் கிட்ட வந்தார். கிட்டன்னா, முட்டி இடிக்கிற அளவுக்குக் கிட்ட. கையால இடது கண்ணை மூடிக்கிட்டு, அலமாரிப் பக்கம் எல்லாம் திரும்பாம, நேரா என் மூஞ்சியைப் பார்த்தார். "என்ன?"ன்னேன். நெத்தி, கன்னம், வாய்னு ஒவ்வொண்ணா, புது ரூட்டுல முதல் தடவை வண்டி ஓட்டற மாதிரி நிதானமா பார்த்துக்கிட்டே வந்தார்.

"ஏய், என்னடி இது"ன்னார். "இப்படிக் கெழவியாயிட்டே?"

வேற நாளா இருந்தா அந்த வார்த்தைக்கு வீடு ரெண்டுபட்டிருக்கும். பாபின் கையிலேர்ந்து உருண்டு எங்கேயோ போச்சு. அவர் கையைக் கண்ணுலேர்ந்து எடுக்கவே இல்ல, பார்த்துக்கிட்டே இருந்தார்.

"நல்லா பாருங்க"ன்னு சொன்னேன்.